ஃபராகானின் சீற்றம்: இனத்தைத் தொடும் விண்வெளிப் பகடியை ஒழுங்காக விவாதிக்க ஒரு வழிகாட்டி

அறிவியல் புனைகதை ரசிகர்கள் பத்துப் பேர் கூடி, இன அரசியலைத் தொடும் ஐந்து நிமிட நகைச்சுவை ஸ்கெட்ச் ஒன்றைப் பார்த்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒருவர் "இது இனவெறி" என்பார். இன்னொருவர் "காமெடிதானே, விடுங்க" என்பார். பேச்சு அங்கேயே முட்டி நின்றுவிடும். இருவருக்கும் ரசனை வேறு என்பதல்ல காரணம். இந்த வகைப் பகடிக்கு இரண்டு மூலங்கள் உண்டு: ஒன்று விண்வெளிக் கதை, மற்றது அன்றைய நாட்டு நடப்பு. வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒன்று தெரியும், மீதிப் பேருக்கு மற்றது தெரியும். இரண்டையும் எல்லார் முன்னாலும் வைக்காமல் விவாதத்தைத் தொடங்கவே கூடாது. இந்த வழிகாட்டியின் மற்ற எல்லாமே இதிலிருந்து வருபவைதான்.

பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த "தி ராத் ஆஃப் ஃபராகான்" போல இன்னொன்று கிடைப்பது அரிது. கீனன் ஐவரி வேயன்ஸ் உருவாக்கிய "இன் லிவிங் கலர்" நிகழ்ச்சி 1990 ஏப்ரல் 15 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. நடிகர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். முதல் பருவத்திலேயே இந்த ஸ்கெட்ச் வந்துவிட்டது. "ஸ்டார் டிரெக்" என்ற விண்வெளித் தொடரின் கப்பலில் கேப்டன் கர்க்காக ஜிம் கேரி. அந்தக் கப்பலுக்குள் வந்து சேரும் கறுப்பின இயக்கத் தலைவர் லூயிஸ் ஃபராகானாக டேமன் வேயன்ஸ். வந்தவர் துப்பாக்கி எடுப்பதில்லை. கறுப்பினப் பெண்ணான உஹுரா, ஆசிய வம்சாவளியான சுலு, பாதி வேற்றுலகத்தவரான ஸ்பாக் என்று கப்பலில் இருப்பவர்களிடம், உழைப்பது நீங்கள், பேர் வாங்குவது வெள்ளைக்கார கேப்டன் என்று பேசுகிறார். அவர்கள் கர்க்குக்கு எதிராகத் திரும்புகிறார்கள். கதை இவ்வளவுதான். விவாதிக்க இதில் இரண்டு மணி நேரத்துக்குச் சரக்கு இருக்கிறது.

முதல் வேலை: இரண்டு மூலங்களையும் தயார் செய்வது

விண்வெளிப் பக்கத்துக்கு மொத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். ரசிகர்கள் கையில் கொடுத்தால் மூன்று பருவங்களையும் போட்டுக் காட்டிவிடுவார்கள். 1966 முதல் 1969 வரை வந்த மூலத் தொடரில் 79 அத்தியாயங்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து தேவையானவை மிகக் குறைவு.

உஹுரா தன் இருக்கையில் காதில் கருவியோடு அமர்ந்து அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் ஏதாவது ஒரு காட்சி, ஒரு நிமிடம் போதும். அடுத்து, 1968 நவம்பர் 22 அன்று ஒளிபரப்பான கர்க்–உஹுரா முத்தக் காட்சி. இதைக் காட்டும்போது ஒன்றைச் சொல்ல மறக்காதீர்கள்: கதைப்படி அந்த முத்தம் அவர்கள் விரும்பிக் கொடுத்ததல்ல, வேற்றுலகத்தார் மனவலிமையால் கட்டாயப்படுத்தி நடத்துவது. "அந்தக் காலத்திலேயே எவ்வளவு துணிச்சல்" என்பவருக்கும், "துணிச்சலுக்கும் ஒரு சாக்கு வைத்துக்கொண்டார்களே" என்பவருக்கும் ஆதாரம் இந்த ஒரே காட்சிதான். மூன்றாவதாக, 1969 ஜனவரி 10 அன்று வந்த அத்தியாயத்தில் முகம் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக இருக்கும் இருவர். ஒருவருக்கு வலப்பக்கம் கறுப்பு, மற்றவருக்கு இடப்பக்கம். அதற்காகவே ஒருவரையொருவர் அழிக்கத் துரத்துகிறார்கள். இதில் முப்பது விநாடி போதும். இனவெறி முட்டாள்தனம் என்று கதையில் உரக்கச் சொன்ன தொடர் இது என்பது எல்லார் மனதிலும் பதிய வேண்டும். இல்லாவிட்டால் ஸ்கெட்ச் எதைக் குத்துகிறது என்பதே பிடிபடாது.

கடைசியாக 1982 ஆம் ஆண்டுப் படம், "தி ராத் ஆஃப் கான்". ஸ்கெட்ச்சின் தலைப்பே இதிலிருந்து வந்ததுதான். ஃபராகான் என்ற பெயரின் வாலில் "கான்" இருக்கிறது. அந்த ஒலிப் பொருத்தத்திலிருந்து ஒரு முழு ஸ்கெட்ச்சே முளைத்திருக்கிறது. படத்தின் வில்லன் கான், கர்க்கின் மாலுமியாக இருந்த செக்காவ் காதிலும், வேறொரு கப்பலின் கேப்டன் டெரெல் காதிலும் ஒரு புழுவைப் புகுத்தி அவர்கள் மனதைக் கட்டுப்படுத்துகிறான். அந்தக் காட்சியைக் கட்டாயம் காட்டுங்கள். ஆனால் குழந்தைகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பார்க்கவே உடம்பு கூசும். பின்னால் நடக்கும் விவாதத்தின் ஆணிவேரே இந்தக் காட்சி என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்வது.

கானைப் பற்றி இன்னொரு விஷயம். இவன் பெயர் கான் நூனியன் சிங். 1967 இல் மூலத் தொடரில் முதலில் தோன்றும்போது வட இந்தியாவைச் சேர்ந்தவன், சீக்கியனாக இருக்கலாம் என்று பாத்திரம் ஒன்று சொல்கிறது. நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மான்டல்பான். 2013 இல் அதே பாத்திரத்தை ஏற்றவர் ஆங்கிலேயரான பெனடிக்ட் கம்பர்பேட்ச். யார் யாருக்குப் பதிலாக நடிக்கிறார்கள் என்ற கேள்வி பகடிக்கு முன்பே மூலத்தில் இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். நம் வாசகர்களில் பலர் இந்தப் பெயரைக் கேட்டவுடனே நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த ஆர்வத்தை வீணாக்காதீர்கள், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடவும் விடாதீர்கள்.

இனி இரண்டாவது மூலம். பெரும்பாலான கூட்டங்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஃபராகான் யார் என்று தெரியாமல் பார்த்தால் "கோட்டும் போ டையும் போட்ட ஒரு கோபக்காரர்" என்று மட்டுமே தெரிவார். மூன்று செய்திகளை ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு படி கொடுங்கள். ஒன்று: இவர் கறுப்பின முஸ்லிம்களின் "நேஷன் ஆஃப் இஸ்லாம்" இயக்கத் தலைவர். கறுப்பின மக்கள் தங்கள் உழைப்பைத் தங்களுக்கே பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய பேச்சின் மையம். இரண்டு: யூதர்களுக்கு எதிரான அவருடைய பேச்சுகள் பெரும் எதிர்ப்பைக் கிளப்பின. 1984 இல் அமெரிக்க செனட் ஒருமனதாகக் கண்டனத் தீர்மானம் போட்டது. மூன்றாவதை ரசிகர்கள் பெரும்பாலும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்: இந்த இயக்கத்துக்கே ஒரு விண்கலம் உண்டு. "தாய் விமானம்" என்று இயக்கத்தின் முன்னாள் தலைவர் எலைஜா முகமது போதித்த, அரை மைல் அகலமுள்ள சக்கர வடிவக் கலம். 1985 இல் மெக்சிகோவின் டெப்போஸ்ட்லான் மலையிலிருந்து அந்தச் சக்கரத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்டதாகத் தனக்கு ஒரு தரிசனம் கிடைத்தது என்று 1989 அக்டோபரில் ஃபராகான் வாஷிங்டனில் செய்தியாளர்களிடம் அறிவித்தார். ஆறே மாதத்தில் இந்த நிகழ்ச்சி தொடங்குகிறது. ஸ்கெட்ச்சை எழுதியவர்கள் அதைப் பார்த்துத்தான் எழுதினார்கள் என்று யாரும் அடித்துச் சொல்ல வேண்டாம். அன்று அவரை விண்வெளியில் வைத்துப் பார்ப்பது பார்வையாளருக்கு அந்நியமாக இருந்திருக்காது என்று சொன்னால் போதும்.

தாளில் பிற்காலச் செய்திகளைச் சேர்க்காதீர்கள். 1995 இல் அவர் கூட்டிய பத்து லட்சம் ஆண்கள் பேரணியின் நினைவோடு 1990 ஆம் ஆண்டுக் காட்சியைப் பார்த்தால், அதில் இல்லாத கனத்தை அதன் தலையில் ஏற்றிவிடுவோம்.

வசனப் படி எடுப்பது

கூட்டத்துக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து ஸ்கெட்ச்சின் வசனத்தை வரி வரியாக எழுத வேண்டும். ஐந்து நிமிடக் காட்சிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அதைச் சுருக்க முயலாதீர்கள். தானியங்கி வசன எழுத்தை அப்படியே எடுத்தால் பெயர்களை எல்லாம் குதறி வைத்திருக்கும், சிரிப்பொலி மேலே விழும் இடங்களில் வார்த்தையே விட்டுப்போயிருக்கும். அந்த இடங்கள்தான் நமக்கு முக்கியம்.

தாளை நான்கு பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் வரி. இரண்டாவதில் பேசுபவர். மூன்றாவதில் அடி யார் மேல் விழுகிறது. நான்காவதில் அரங்கில் சிரிப்பு எங்கே வருகிறது, எவ்வளவு நேரம். முதல் இரண்டையும் நான்காவதையும் எழுதுபவரே நிரப்பட்டும். மூன்றாவதைக் காலியாக விடுங்கள், அது கூட்டத்தின் வேலை.

மூன்றாவது பத்திக்கு ஒரு நுணுக்கம் உண்டு. கர்க்கை அடிக்கும் வரி என்று பொத்தாம் பொதுவாக எழுதக் கூடாது. ஜிம் கேரி விட்டு விட்டுப் பேசுவது, திடீரென்று உடம்பை முறுக்குவது எல்லாம் மூலத் தொடரில் கர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரின் பாணி மேல் விழும் அடி. கேப்டன் அதிகாரத்தை இழப்பது பாத்திரத்தின் மேல் விழும் அடி. உஹுராவுக்கு இத்தனை வருடமாக வேறு வேலை கிடைக்காதது தொடரை எழுதியவர்கள் மேல் விழும் அடி. நடிகர், பாத்திரம், தொடர் என்ற மூன்றில் எது என்று குறித்தால் பாதிச் சண்டை தானாகவே அடங்கிவிடும். "கர்க்கைக் கேவலப்படுத்திவிட்டார்கள்" என்று வருந்தும் ரசிகர் பெரும்பாலும் முதல் வகை அடியைப் பார்த்திருப்பார். எதிரே இருப்பவர் பேசுவது மூன்றாவது வகை.

மொழிபெயர்ப்பில் கவனம் வேண்டும். "நீக்ரோ" என்ற சொல் பழைய தமிழ்ப் புத்தகங்களில் சாதாரணமாக வரும். இன்று அதைத் தவிர்த்துக் "கறுப்பினத்தவர்" என்றே எழுதுங்கள். இந்த வகை ஸ்கெட்ச்சுகளில் இழிசொல் வந்தால் படியில் முதல் எழுத்தும் புள்ளிகளும் போட்டு, "இழிசொல், பேசுபவர் இன்னார்" என்று பக்கத்தில் குறிப்பிடுங்கள். தமிழில் அதற்கு ஈடாக ஒரு சாதி வசவைப் போட்டு எழுதும் பழக்கம் சிலருக்கு உண்டு. செய்யவே கூடாது. அந்த வசவு நம் அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் மேல் நேராகப் போய் விழும். ஃபராகான் கப்பல்காரர்களை அழைக்கும் விதத்தில் இருக்கும் மேடைப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை மட்டும் தமிழில் காப்பாற்றுங்கள். மேடைத் தமிழ் கேட்டுப் பழகிய காதுக்கு அது உடனே பிடிபடும். ஆளை மயக்கும் குரலையும் நியாயத்தைச் சொல்லும் குரலையும் பிரித்தறிவது ஏன் கடினம் என்பதும் அங்கேதான் புரியும்.

கூட்டம் நடக்கும் நாள்

எட்டு முதல் பன்னிரண்டு பேர் சரியான அளவு. ஆறுக்குக் கீழே போனால் எல்லாருக்கும் எல்லார் கருத்தும் முன்பே தெரிந்திருக்கும். பதினைந்தைத் தாண்டினால் இரண்டு அணிகளாகப் பிரிந்து உட்கார்ந்துகொள்வார்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நடத்துபவர் ஒருவர், கடிகாரம் பார்ப்பவர் ஒருவர். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் தனக்குப் பிடித்தவர் பேசும்போது கடிகாரம் மறந்துபோகும்.

ஒரு பெரிய சார்ட் தாளில் கப்பலின் கட்டுப்பாட்டு அறையை வரைந்து சுவரில் ஒட்டுங்கள். நடுவில் கேப்டனின் நாற்காலி. அவருக்கு முன்னால், முதுகைக் காட்டியபடி சுலுவும் செக்காவும். அவர் முதுகுக்குப் பின்னால் உஹுரா. இந்தப் படம் இல்லாமல் பேசினால் எல்லாம் காற்றில் போகும். எல்லாரும் சமம் என்று சொன்ன கப்பலில் யார் யாரைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது வரைந்து பார்த்தால்தான் தெரிகிறது.

மூலக் காட்சிகளும் ஃபராகான் தாளும் முடிந்ததும் ஸ்கெட்ச்சை ஒருமுறை நிறுத்தாமல் ஓட்டுங்கள். முடிந்தவுடன் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுத வேண்டும்: எங்கே சிரித்தேன், எங்கே நெளிந்தேன். ஐந்து நிமிடம். சீட்டுக்குப் பெயர் வேண்டாம். இந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டால் முதலில் பேசுபவர் சொன்னதே அறையின் கருத்தாகிவிடும். தொடரை நன்றாக அறிந்த மூத்த ரசிகர் முதலில் பேசினால் இன்னும் மோசம், புதிதாக வந்தவர் தான் நெளிந்த இடத்தைக் கடைசி வரை சொல்லவே மாட்டார்.

இரண்டாவது முறை வசனப் படியோடு, நிறுத்தி நிறுத்தி. மூன்றாவது பத்தியை இப்போது சேர்ந்து நிரப்புங்கள். ஒரு வரிக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒத்துவராவிட்டால் கேள்விக்குறி போட்டுத் தாண்டிப் போங்கள். கடைசியில் கேள்விக்குறி விழுந்த ஐந்தாறு வரிகள்தான் உண்மையான விவாதத்துக்கு உரியவை.

எந்தக் கேள்வியைப் போடுவது

"இது இனவெறியா?" என்று தொடங்காதீர்கள். ஆம், இல்லை என்ற இரண்டே பதில்தான் வரும். இந்த ஸ்கெட்ச்சுக்கு உரிய கேள்வி வேறு: கப்பல்காரர்களுக்கு நடந்தது மூளைச்சலவையா, கண் திறப்பா?

படத்தில் கான் காது வழியாகப் புழுவை விடுகிறான். ஸ்கெட்ச்சில் ஃபராகான் காது வழியாகப் பேச்சை விடுகிறார். இரண்டிலும் பிறகு மாலுமிகள் கேப்டனுக்கு எதிரி. பகடி என்பது மூலத்தோடு பொருத்திப் பார்ப்பதால், பேச்சும் புழுவைப் போல விஷம்தான் என்று வாசிக்க இடம் இருக்கிறது. ஆனால் புழு சொல்வது பொய், பேச்சு சொல்வது சரிபார்க்கக் கூடியது. அப்படியானால் சரிபாருங்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் மூலத் தொடரோடு ஒப்பிடுங்கள்.

உஹுராவையே எடுத்துக்கொள்வோம். லெப்டினன்ட் பதவி, தகவல்தொடர்பு அதிகாரி. பெயர் சுவாஹிலி மொழியில் விடுதலை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. நடித்த நிஷெல் நிக்கல்ஸ் முதல் பருவம் முடிந்ததும் விலக நினைத்ததாகவும், மார்ட்டின் லூதர் கிங் கேட்டுக்கொண்டதால் தங்கியதாகவும் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஃபராகான் பக்கம் பேசுபவர் கேட்க வேண்டியது: விலக நினைக்கும் அளவுக்கு அந்த வேடத்தில் என்ன குறை? எதிர்ப்பக்கம் கேட்க வேண்டியது: அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பதே பெரிது என்று கிங் ஏன் நினைத்தார்? இரண்டும் ஒரே நிகழ்விலிருந்து பிறக்கும் கேள்விகள். இரண்டாவதை மட்டும் மேற்கோள் காட்டி வெற்றி பெற்றதாக நினைக்கும் ரசிகர்கள் உண்டு, விடாதீர்கள். கேப்டன் நாற்காலியில் உஹுரா கப்பலைப் பொறுப்பேற்று நடத்துவதைப் பார்க்க, 1973 இல் தொடங்கிய கார்ட்டூன் தொடர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சுலுவின் கணக்கு இன்னும் சுவையானது. நடித்த ஜார்ஜ் டக்கேய், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு அடைத்து வைத்த முகாம்களில் சிறுவயதைக் கழித்தவர். திரைப்படத்தில் சுலு தனக்கென்று ஒரு கப்பலின் கேப்டனாக வந்தது 1991 இல். ஸ்கெட்ச் வந்தது 1990 இல். ஸ்கெட்ச்சால்தான் அது நடந்தது என்று சொல்ல ஆதாரம் கிடையாது. ஸ்கெட்ச் கேள்வி எழுப்பிய நாளில் அந்தக் குறை நிஜமாகவே தீராமல் இருந்தது என்பதற்கு ஆதாரம் உண்டு.

ஆக, பேச்சில் இருக்கும் புகார்கள் பெரும்பாலும் நிற்கும். பேசுகிறவர்தான் சிக்கல். கோமாளியாகக் காட்டப்படும் ஆள், செனட் கண்டித்த ஆள், அவர் வாயிலிருந்தே மறுக்க முடியாத விஷயம் வருகிறது. இந்த ஸ்கெட்ச்சின் பலம் அதுதான். பலவீனமும் பக்கத்திலேயே இருக்கிறது: யூத வெறுப்புப் பேச்சை வெளியே விட்டுவிட்டு அவரை வேடிக்கையான விடுதலையாளராக மட்டும் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பேச்சால் காயம்பட்டவர் நெளிந்தால் அவர் நகைச்சுவை தெரியாதவர் ஆகிவிட மாட்டார். சீட்டில் அப்படி ஒருவர் எழுதியிருந்தால் அதைக் கடைசியில் அல்ல, நடுவிலேயே எடுத்துப் படியுங்கள்.

விவாதம் தளர்ந்தால் மாற்றிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. கப்பலை எடுத்துவிட்டு ஒரு சாதாரண அலுவலகத்தை வையுங்கள். ஃபராகான் பேச்சு நிற்கிறதா? நிற்கிறது, ஆனால் சிரிப்பு குறைகிறது, ஏனென்றால் அலுவலகம் சமத்துவம் வந்துவிட்டது என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பிறகு ஃபராகானை எடுத்துவிட்டு முகம் தெரியாத ஒரு தொழிற்சங்கக்காரரை வையுங்கள். புகார்கள் நிற்கின்றன, அச்சம் போய்விடுகிறது. எதை எடுத்தால் எது சரிகிறது என்று சுவர்த் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கே கெடுகிறது

"காமெடிதானே" என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேசாமல் நான்காவது பத்தியைக் காட்டுங்கள். எந்த வரிக்குச் சிரிப்பு நீளமாக வந்தது, அந்த வரியில் அடி யார் மேல்? சிரிப்பும் ஒரே வகையல்ல. கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் டேவ் ஷப்பெல் 2005 இல் தன் நிகழ்ச்சியைப் பாதியில் விட்டுப் போனபோது, படப்பிடிப்பில் ஒருவர் சிரித்த விதம் தன்னை உறுத்தியது என்று பின்னர் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயிடம் விளக்கினார். தன்னோடு சேர்ந்து சிரிக்காமல் தன்னைப் பார்த்துச் சிரித்ததாக அவருக்குப் பட்டது. இந்த ஒரு செய்தி போதும், "சிரிப்பு வந்தால் சரி" என்ற வாதம் நிற்காது.

தமிழ் சினிமாவின் நிறக் கேலி பற்றிய பேச்சு எப்படியும் வரும். நியாயமான பேச்சுதான். ஆனால் முதல் அரை மணியில் வந்தால் ஃபராகானும் கர்க்கும் காணாமல் போவார்கள். சுவரில் ஒரு மூலையில் எழுதிவைத்துக் கடைசிப் பதினைந்து நிமிடத்தை அதற்கென்று விடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குக் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையரை எடுக்கலாம். 1977 மே மாதம் "ஸ்டார் வார்ஸ்" வெளியாகி நான்கு மாதம்கூட ஆகாதபோது, செப்டம்பர் 13 அன்று என்.பி.சி.யில் தொடங்கிய அவருடைய நிகழ்ச்சி நான்கே வாரம்தான் ஓடியது. அதில் விண்வெளி மதுக்கடையின் பணியாளராகவே அவர் வருகிறார். மூலப் படத்தில் அதே கடைக்காரர் இயந்திர மனிதர்களைப் பார்த்து, இவர்கள் வகையறாவுக்கு இங்கே பரிமாறுவதில்லை என்று விரட்டுகிறார். அமெரிக்கத் தெற்கின் உணவகங்களில் கறுப்பினத்தவர் கேட்டு வந்த வாசகம் அது. அந்தக் கல்லாவுக்குப் பின்னால் ஒரு கறுப்பினத்தவர் நின்றால் என்ன மாறுகிறது என்பதை முதல் கேள்வியாக வையுங்கள். "கீ அண்ட் பீல்" நிகழ்ச்சியில் வரும், கறுப்பினத்தவரைக் கடிக்காமல் ஒதுங்கிப் போகும் ஜாம்பிகளும் நல்ல பாடம். காருக்குள் இருக்கும் ஜாம்பி கதவைப் பூட்டிக்கொள்ளும் அந்த ஒரு விநாடியை மட்டும் நான்கு தடவை ஓட்டலாம்.

கலையும் முன் ஸ்கெட்ச்சை மூன்றாவது முறை ஓட்டி, அதே இரண்டு கேள்விகளுக்கு இன்னொரு சீட்டு வாங்குங்கள். முதல் சீட்டுகளையும் இரண்டாம் சீட்டுகளையும் தனித்தனி உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். நெளிந்த இடம் எத்தனை பேருக்கு மாறியிருக்கிறது என்று அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் எண்ணிப் படிக்கலாம்.